அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு நின்று மூன்று வாரம்: குடல் தேற ஏன் இவ்வளவு நாள்?

ஐஸ்ஹவுஸ் வாசுகி | நவம்பர் 25, இரவு 9.40

வணக்கம். அம்மாவுக்கு 74 வயது, திருவல்லிக்கேணியில் எங்களோடு இருக்கிறார். மாதத் தொடக்கத்தில் பெய்த மழையில் தெருக் குழாயில் தண்ணீர் கலங்கலாக வந்தது. காய்ச்சித்தான் குடித்தோம். ஆனாலும் அம்மாவுக்கும் என் ஒன்பது வயது மகனுக்கும் ஒரே நாளில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. மகன் ஐந்தாம் நாள் கிரிக்கெட் பேட்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான். அம்மாவுக்கு ஓர் இரவு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டி வந்தது.

போக்கு நாலு நாளில் நின்றது. ஆனால் இன்றுவரை காலையில் காபி குடித்தால் அரை மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்கிறது, கடமுடவென்று சத்தம், ஒரு தடவை இளகிப் போகிறது. இரண்டு கிலோ இளைத்துவிட்டார். டாக்டரிடம் கேட்டதற்கு, "வயசாயிடுச்சும்மா, குடலோட உள்தோல் திரும்ப வளர நாளாகும்" என்றார்.

வீட்டுக்கு வந்து தேடினால், வயதானால் குடல் செல்கள் பிரிவது குறையும் என்று ஓரிடத்தில் இருக்கிறது. வயதான எலிகளுக்கு செல் பிரிதல் கூடுகிறது என்று இன்னோரிடத்தில். இரண்டும் எப்படி உண்மையாகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்லைடு சந்திரா | நவம்பர் 25, இரவு 10.55

வாசுகிம்மா, நான் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியின் பேதாலஜி லேபில் 31 வருஷம் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. ஆனால் குடலிலிருந்து எடுத்த பயாப்ஸித் துண்டை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி ஆயிரக்கணக்கில் ஸ்லைடு போட்டிருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

சிறுகுடலின் உள்பக்கத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் புது டர்க்கி டவல் மாதிரி இருக்கும். எழும்பி நிற்கும் ஒவ்வொரு இழையும் ஒரு விரலி. உயரம் ஒரு மில்லிமீட்டருக்குள்தான். விரலிகளின் அடியைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. லீபர்கூன் குழிகள் என்போம். 18ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ஒருவரின் பெயர் அது. புது செல்கள் பிறப்பதெல்லாம் அந்தக் குழிக்குள்தான். பிறந்த செல், பார்த்தசாரதி கோயில் வைகுண்ட ஏகாதசி வரிசை போல மெல்ல மெல்ல மேலே நகரும். நகரும்போதே முதிர்ந்து வேலை கற்றுக்கொள்ளும். விரலியின் நுனியை அடைந்ததும் உதிர்ந்துவிடும். இந்த முழுப் பயணத்துக்கும் மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். 2021இல் வந்த ஒரு கணக்கின்படி நம் உடம்பில் ஒரு நாளைக்கு மாறும் குடல் செல்கள் மட்டும் சுமார் 4,000 கோடி.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆரோக்கியமான 25 வயதுக்காரர் ஸ்லைடையும் 70 வயதுக்காரர் ஸ்லைடையும் பெயரை மறைத்துக் கையில் கொடுத்தால், விரலியை மட்டும் பார்த்து எது யாருடையது என்று என்னால் சொல்லியிருக்க முடியாது. வேறு நோய் இல்லாத பெரியவர்களுக்கு விரலி உயரம் வயதினால் மட்டும் பெரிதாகக் குறைவதில்லை என்றுதான் மனிதர்களில் செய்த ஆய்வுகளும் காட்டின. ஆகவே அம்மாவின் குடல் வயதால் "தேய்ந்துவிட்டது" என்று நினைத்துக் கலங்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், மதன் முதலானோர் 1960களில் நம் தென்னிந்தியர்களின் குடலைப் பார்த்தார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத பெரியவர்களுக்கே விரலிகள் விரல் வடிவில் இல்லாமல் இலை போலவும் வரப்பு போலவும் அகன்றிருந்தன. பிறக்கும்போது நம் குழந்தைகளுக்கும் விரல் மாதிரிதான் இருக்கிறது. அப்புறம்தான் மாறுகிறது. தண்ணீர், கிருமி, சுற்றுப்புறம் எல்லாம் சேர்ந்து குடலை ஓயாமல் உரசுகின்றன, அது ஓயாமல் ஈடுகொடுத்து வளர்ந்துகொண்டே இருக்கிறது. வயதின் கதையைப் பேசும்போது ஊரின் கதையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

ஐஸ்ஹவுஸ் வாசுகி | நவம்பர் 26, காலை 6.15

நன்றி சந்திராம்மா, மனசுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் ஐந்து நாளில் எல்லாம் மாறிவிடும் என்றால் மூன்று வாரக் கணக்கு எங்கே உதைக்கிறது?

தரமணி கதிர் | நவம்பர் 26, மதியம் 1.30

வாசுகி அக்கா, நான் தரமணியில் செல் உயிரியலில் ஆராய்ச்சி மாணவன். சந்திராம்மா சொன்னது சாதாரண நாளின் நிலவரம். வயதின் வித்தியாசம் அடிபட்ட பிறகுதான் தெரியும்.

ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். தெருவைத் தினமும் பெருக்க இருக்கிற ஆட்கள் போதும். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்து ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தபோது அதே ஆட்களால் முடிந்ததா? அன்றைக்குத்தான் கையிருப்பில் எவ்வளவு ஆள், எவ்வளவு மரம் அறுக்கும் இயந்திரம் என்பது வெளியே வந்தது. குடலும் அப்படித்தான். தினசரி உதிர்வை ஈடுகட்டும் வேகம் வயதானவர்களுக்கும் கிட்டத்தட்ட இருக்கிறது. கிருமியோ கதிர்வீச்சோ கீமோ மருந்தோ வந்து விரலிகளை மொட்டையடித்துவிட்டால் மறுபடி கட்டியெழுப்பும் திறன்தான் குறைந்திருக்கிறது.

குழியின் அடியில், பானெத் செல்கள் என்ற காவல்கார செல்களுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் மெல்லிய செல்கள்தான் குடலின் ஸ்டெம் செல்கள், அதாவது பிரிந்து பிரிந்து மற்ற செல்களைப் பெற்றெடுக்கும் தாய் செல்கள். அப்படியொரு செல் அங்கே இருக்கிறது என்று செங், லெப்லோன் என்ற இருவர் 1974லேயே எழுதிவிட்டார்கள். உறுதியான அடையாளம் கிடைத்தது 2007இல், நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவுக்கு. சுண்டெலியில் ஒரு குழிக்குச் சுமார் 15 ஸ்டெம் செல்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய நாளுக்கு ஒரு முறை பிரியும். இவைதான் மூலதனம்.

மான்செஸ்டரில் பாட்டன் குழுவினர் 1998இல் இளம் சுண்டெலிகளுக்கும் கிழட்டுச் சுண்டெலிகளுக்கும் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள். கிழட்டுச் சுண்டெலிகளில் குழிகள் மறுபடி வளர்வது தாமதமானது, வளர்ந்தவையும் சிறியவையாக இருந்தன. ஏன் என்பதற்கு ஒரு பதில் 2019இல் ஹெல்சிங்கியிலிருந்து வந்தது. ஸ்டெம் செல்லை "பிரி, பிரி" என்று தூண்டும் செய்திக்கு விண்ட் என்று பெயர். அந்தச் செய்தியை அனுப்புவதில் பக்கத்து பானெத் செல்லுக்கும் பங்கு உண்டு. வயதானதும் அதே பானெத் செல் நோட்டம் என்ற புரதத்தைச் சுரந்து அந்தச் செய்தியை வெட்டிவிடுகிறது. நோட்டத்தை மருந்தால் தடுத்தபோது, வயதான சுண்டெலிகள் கீமோ மருந்தின் பாதிப்பிலிருந்து நன்றாகத் தேறின. அதாவது ஸ்டெம் செல் மட்டும் கிழடாகவில்லை, அக்கம்பக்கமும் சேர்ந்து மாறியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. முதல் தடவை படித்த அன்று இரவு தூக்கமே வரவில்லை.

நீங்கள் படித்த மற்றச் செய்தியும் பொய்யில்லை. 1980களில் நியூயார்க்கில் பீட்டர் ஹோல்ட் என்பவர் வயதான எலிகளின் குழிகளில் பிரியும் செல்கள் கூடுதலாக இருப்பதைக் கண்டார். ஆனால் அந்த செல்கள் மேலே ஏறும்போது செரிமான நொதிகள் தலைகாட்டுவது தாமதமாகிறது என்று 1985இல் எழுதினார். ஆட்கள் நிறையப் பேர் வேலைக்குச் சேர்கிறார்கள், ஆனால் பயிற்சி முடிக்க நேரமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிதல் கூடுவதும், தேறுவது தாமதமாவதும் ஒரே குடலில் நடக்கலாம்.

இதெல்லாம் பெரும்பாலும் எலி, சுண்டெலிக் கதை என்பதை நினைவில் வையுங்கள். மனிதக் குடலைக் காயப்படுத்தி அளந்து பார்க்க முடியாதில்லையா.

உணவியல் மீனா | நவம்பர் 26, மாலை 5.05

நொதிகள் தலைகாட்டத் தாமதமாகிறது என்று கதிர் சொன்னதுதான் அம்மாவின் காபிக்கு விடை. பாலில் உள்ள சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி, முதிர்ந்த விரலிச் செல்களில் இருக்கிறது. வயிற்றுப்போக்கில் முதலில் போவது அந்த செல்கள். கடைசியாகத் திரும்பி வருவதும் அந்த நொதிதான். மேலும் தென்னிந்தியர்களில் வளர்ந்தவர்கள் பலருக்கு லாக்டேஸ் ஏற்கெனவே குறைவு. உடைபடாத பால் சர்க்கரை பெருங்குடலுக்குப் போனதும் அங்கிருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கும். அந்த உப்பல், சத்தம், இளகல் எல்லாம் அதனால் வரக்கூடியவை. காபியே குடலை முடுக்கிவிடும் பொருள் வேறு.

கொஞ்ச நாள் பாலை நிறுத்திப் பாருங்கள். தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் அதிலுள்ள பாக்டீரியா பால் சர்க்கரையில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடுகிறது.

அம்மா இந்த மூன்று வாரமும் என்ன சாப்பிட்டார்? மாத்திரைகள் என்னென்ன? சர்க்கரை நோய் உண்டா?

ஐஸ்ஹவுஸ் வாசுகி | நவம்பர் 26, இரவு 8.20

சர்க்கரை இல்லை மேடம். பிபி மாத்திரை ஒன்று, கேஸ் மாத்திரை ஆறேழு வருஷமாகத் தினமும் காலையில். சாப்பாடு என்றால் வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று கஞ்சித் தண்ணீரும், மதியம் இரண்டு இட்லியும்தான் கொடுத்து வருகிறேன். காபி மட்டும் அவர் விடமாட்டேன் என்கிறார்.

உணவியல் மீனா | நவம்பர் 26, இரவு 8.50

அங்கேதான் சிக்கல் வாசுகி. குடல் உட்சுவர் தன் உணவை ரத்தத்திலிருந்து மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. உள்ளே வந்து போகும் சாப்பாட்டிலிருந்தும் நேரடியாக எடுத்துக்கொள்கிறது. சிறுகுடல் செல்லுக்கு குளுட்டமின் என்ற அமினோ அமிலம் முக்கிய எரிபொருள். பெருங்குடல் செல்லுக்கு, நார்ச்சத்தைப் பாக்டீரியா புளிக்கவைத்துத் தரும் பியூட்டிரேட். வாய் வழியாக எதுவும் கொடுக்காமல் ரத்தக் குழாய் வழியாக மட்டும் உணவு ஏற்றினால் விரலிகள் சுருங்கிவிடுவதை விலங்குகளில் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். மூன்று வாரம் கஞ்சித் தண்ணீர் என்பது, வீடு கட்டும் கொத்தனாருக்குச் செங்கல் தராமல் இருப்பது.

பாசிப்பருப்பு குழைய வேகவைத்த பொங்கல், நெய் கொஞ்சமாக. ரசம் சாதத்தோடு வேகவைத்த முட்டை, சாப்பிடுவார் என்றால். முட்டை ஆகாதென்றால் பருப்பும் தயிரும். வாழைப்பழம், வேகவைத்த கேரட், சுரைக்காய். ஒரேயடியாக நிறைய வேண்டாம், நாளைக்கு ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். மறுபடி போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்துக் கொடுங்கள். டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று கணக்கில்லாமல் போடக் கூடாது. உப்பும் சர்க்கரையும் சேர்ந்துதான் செல்லின் ஒரே வாசல் வழியாக உள்ளே போகின்றன, பின்னால் தண்ணீர் போகிறது. அளவு மாறினால் பலன் இல்லை. வயதானவர்களுக்குத் தாகமும் சரியாகத் தெரியாது, கேட்காமலே கொடுங்கள்.

கேஸ் மாத்திரையை வருஷக்கணக்கில் எடுத்தால் வயிற்று அமிலம் குறைந்து குடல் தொற்று எளிதாக வரலாம், பி12 சத்தும் குறையலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் இன்னும் தேவையா என்று கேளுங்கள். 14 நாளுக்கு மேல் நீடிக்கும் போக்கையும், இளைப்பதையும் வயதின் மேல் போட்டுவிட்டு இருக்கக் கூடாது. மலப் பரிசோதனை, ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

பெரம்பூர் ரகு | நவம்பர் 27, காலை 7.10

மீனா மேடம் சொல்வதற்கு மாறாக ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். என் அப்பா 78 வயதிலும் ஏகாதசிக்கு ஏகாதசி முழுப் பட்டினி. ஒரு நாள் பட்டினி இருந்தால் குடல் ஸ்டெம் செல்கள் புத்துயிர் பெறுகின்றன என்று படித்தேன். வாசுகியின் அம்மாவுக்கும் அது நல்லதுதானே?

தரமணி கதிர் | நவம்பர் 27, காலை 11.00

ரகு அண்ணா, நீங்கள் படித்த ஆய்வு உண்மைதான். 2018, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் செய்தது. 24 மணி நேரம் உணவில்லாமல் இருந்த சுண்டெலிகளின் குடல் ஸ்டெம் செல்கள் கொழுப்பை எரிபொருளாக்கிக்கொண்டன. கிண்ணத்தில் வளர்த்தபோது பட்டினி இல்லாதவற்றைவிட நன்றாக வளர்ந்தன. கிழட்டுச் சுண்டெலிகளிலும் அப்படியே.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. எம்.ஐ.டி.யிலேயே 2024இல் தொடர்ந்து பார்த்தபோது, ஸ்டெம் செல்கள் வேகமெடுத்துப் பிரிவது பட்டினி முடிந்து மறுபடி சாப்பிடும் நேரத்தில் என்று தெரிந்தது. அந்த நேரத்தில் புற்றுநோய் மரபணு மாற்றம் ஒன்றைத் தூண்டிவிட்டால் கட்டிகள் கூடுதலாக வந்தன. வேகமாக வளர்வது எல்லா நேரமும் நல்லதில்லை. சுண்டெலிக்கு 24 மணி நேரம் என்பது நமக்கு 24 மணி நேரமும் ஆகாது.

ஸ்லைடு சந்திரா | நவம்பர் 27, மதியம் 12.20

ரகு, உங்கள் அப்பா திடமாக இருக்கிறார், வருஷக்கணக்கில் பழகியவர், அவர் விரதம் அவருக்கு. இரண்டு கிலோ இளைத்து நிற்கும் 74 வயதுப் பெண்மணியைப் பட்டினி போடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். இந்த இழையைப் படிக்கும் வேறு யாரும் அதைச் செய்துவிடக் கூடாது.

பெரம்பூர் ரகு | நவம்பர் 27, மதியம் 12.45

புரிந்தது அம்மா. அந்தக் கேள்வியை வாசுகியின் அம்மாவை வைத்துக் கேட்டிருக்கக் கூடாது.

மேற்கு மாம்பலம் சீனு | நவம்பர் 27, இரவு 10.30

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒரு கேள்வி, கொஞ்சம் கனமானது.

என் அப்பா 69 வயதில் பெருங்குடல் புற்றுநோயில் போனார். முதலில் மலத்தில் ரத்தம் வந்தது. மூலம் என்று சொல்லிக் களிம்பு தடவிக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டிவிட்டோம். யாரும் உள்ளே பார்க்கச் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. வயதானால் குடல் திரும்ப வளரும் திறன் குறையும் என்கிறீர்கள். அப்படியென்றால் அளவு மீறி வளரும் இந்த நோய் ஏன் வயதானவர்களுக்கே அதிகம் வருகிறது? இத்தனை வருஷமாக இது எனக்குள் கிடக்கிறது.

தரமணி கதிர் | நவம்பர் 28, இரவு 12.15

சீனு சார், அப்பாவுக்காக வருந்துகிறேன். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல முயல்கிறேன்.

ஒரு செல் பிரியும்போதும், சும்மா இருக்கும்போதும்கூட, அதன் டி.என்.ஏ.வில் எழுத்துப் பிழைகள் சேர்ந்துகொண்டே இருக்கும். விரலி நுனிக்குப் போகும் செல்லில் பிழை வந்தால் கவலையில்லை, ஐந்து நாளில் உதிர்ந்துவிடும். குழியடியில் வாழ்நாள் முழுக்க நிலைத்திருக்கும் ஸ்டெம் செல் வம்சத்தில் வந்தால் அது தங்கிவிடும். மனிதக் குடலின் ஒவ்வொரு ஸ்டெம் செல்லிலும் வருஷத்துக்குச் சுமார் 40 பிழைகள் சேர்கின்றன என்று அளந்திருக்கிறார்கள். எழுபது வயதில் கிட்டத்தட்ட 3,000. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை.

ஒரு குழிக்குள் இருக்கும் ஸ்டெம் செல்கள் தங்களுக்குள் இடத்துக்குப் போட்டியிடுகின்றன. காலப்போக்கில் ஒரே ஒரு செல்லின் சந்ததி அந்தக் குழி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். வளர்ச்சிக்குத் தடைபோடும் மரபணு கெட்டுப்போன செல்லுக்கு அந்தப் போட்டியில் வெற்றி வாய்ப்பு கூடுதல். அப்புறம் அந்தக் குழி இரண்டாகப் பிளக்கும், இரண்டு நாலாகும். திசு முழுவதாகப் பார்த்தால் மறுவளர்ச்சி மந்தம், அதற்குள் ஒரு சில குழிகள் மட்டும் கட்டுப்பாடு மீறுகின்றன. அதனால்தான் இரண்டும் ஒரே வயதில் சேர்ந்து வருகின்றன.

2022இல் 16 பாலூட்டி இனங்களின் பெருங்குடல் குழிகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அந்த ஆய்வின் கணக்கில் சுண்டெலிக்கு வருஷத்துக்குச் சுமார் 800 பிழை, மனிதருக்கு 47. ஆனால் அதனதன் ஆயுள் முடிவில் எல்லா இனங்களிலும் கணக்கு ஏறத்தாழ ஒரே அளவில் வந்து நிற்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஸ்லைடு சந்திரா | நவம்பர் 28, காலை 6.40

சீனு, கதிர் சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நல்ல பெருங்குடல் ஸ்லைடில் பிரியும் செல்கள் குழியின் கீழ்ப் பாதியில் மட்டுமே இருக்கும். மேலே வந்துவிட்டால் பிரிவதை நிறுத்திவிடும், அதுதான் ஒழுங்கு. பாலிப் என்பது குடலின் உள்சுவரில் முளைக்கும் சதை மொட்டு. அடினோமா என்ற வகைப் பாலிப்பில் மேல்விளிம்பிலேயே செல்கள் பிரிந்துகொண்டிருக்கும், ஊதா நிறத்தில் நெருக்கியடித்து நிற்கும். வயது ஏற ஏற, பாலிப் இல்லாத குடலிலும் அந்த எல்லை கொஞ்சம் மேலே நகர்கிறது என்று பலர் கண்டிருக்கிறார்கள்.

பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பல வருஷம் எடுக்கும். கேமரா வைத்த குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியில் பார்த்தால் அங்கேயே வெட்டி எடுத்துவிடலாம். உங்களுக்கு என்ன வயது? அப்பாவுக்கு வந்திருப்பதால் நீங்களும் உடன்பிறந்தவர்களும் நாற்பதிலேயே டாக்டரைப் பார்த்துப் பேசிவிட வேண்டும். மூலத்துக்கும் ரத்தம் வரும்தான். அது மூலம் என்று உள்ளே பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். உங்கள் மேல் தப்பு இல்லை, அன்றைக்கு யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

மேற்கு மாம்பலம் சீனு | நவம்பர் 28, காலை 9.05

46. அண்ணனுக்கு 51. இன்றைக்கே அவனைக் கூப்பிடுகிறேன். நன்றி அம்மா.

ஐஸ்ஹவுஸ் வாசுகி | டிசம்பர் 6, இரவு 9.15

எல்லாருக்கும் தகவல். மலப் பரிசோதனையில் கிருமி எதுவும் இல்லை. ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு, பி12 நன்றாகவே குறைவு. ஊசி போட ஆரம்பித்திருக்கிறார்கள். கேஸ் மாத்திரை இப்போது தேவையில்லை என்று டாக்டரே நிறுத்தினார். வயிற்றுத் தொந்தரவு குறையாவிட்டால் எண்டோஸ்கோபி பார்க்கலாம் என்றிருக்கிறார். பருப்புப் பொங்கல், தயிர் சாதம், சுரைக்காய்க் கூட்டு எல்லாம் சாப்பிடுகிறார். பாலை நிறுத்திய நாலாம் நாளே உப்பல் அடங்கிவிட்டது. காபி இல்லாத காலையை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை.

உணவியல் மீனா | டிசம்பர் 6, இரவு 9.40

ரொம்ப சந்தோஷம். இன்னும் ஒரு வாரம் போகட்டும். அப்புறம் கால் டம்ளர் பாலில் ஆரம்பியுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம், இட்லிக்குப் பிறகு.

மேற்கு மாம்பலம் சீனு | டிசம்பர் 11, மாலை 7.30

அண்ணனுக்குக் கொலனோஸ்கோபி முடிந்தது. இரண்டு சின்ன பாலிப், எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் அடினோமா என்று இருக்கிறது, புற்று இல்லை. எனக்கு அடுத்த வியாழன்.

ஸ்லைடு சந்திரா | டிசம்பர் 11, மாலை 7.50

படித்ததும் கண் கலங்கிவிட்டது சீனு. அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஐஸ்ஹவுஸ் வாசுகி | டிசம்பர் 15, காலை 9.10

அம்மாவின் எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது. இன்றைக்கு இரண்டு இட்லிக்குப் பிறகு டபராவில் ஆற்றிக் கால் டம்ளர் ஃபில்டர் காபி கொடுத்தேன். மதியம் வரை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஐஸ்ஹவுஸ் வாசுகி | டிசம்பர் 15, மதியம் 2.15

ஒன்றும் இல்லை. சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்.